ஹன்: சிற்றரசா, சமஸ்தானமா, பாளையமா?

ஜப்பான் வரலாறு படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் சில பக்கங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்ளும் சொல் இது. சட்சுமா ஹன், தோசா ஹன், ஆக்கோ ஹன் என்று ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். குறிலாக ‘ஹன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஹான்’ என்று இழுத்தால் சீனத்து ஹான் வம்சம் ஆகிவிடும்.

முதலில் பொருள். டொகுகவா குடும்பத்து ஷோகன்கள் (பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்கள்) எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) அமர்ந்து ஆண்ட காலம் 1603 முதல் 1868 வரை. அப்போது நாட்டின் பெரும்பகுதி ஷோகனின் நேரடிக் கையில் இல்லை. ‘டைம்யோ’ எனப்பட்ட பரம்பரைத் தலைவர்களிடம் இருந்தது. ஒரு டைம்யோவின் நிலம், அவரிடம் சம்பளம் வாங்கும் சாமுராய்கள், அவர்கள் நடத்தும் நிர்வாகம் இவையெல்லாம் சேர்ந்தது ஒரு ஹன். ஏறக்குறைய 260, 270 ஹன்கள் இருந்தன. வரி தனி, நீதி தனி, படை தனி. பலவற்றில் பணம்கூடத் தனி: ‘ஹன்சட்சு’ என்ற தாள்பணத்தை ஃபுகுயி 1661இலேயே அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டது.

யார் டைம்யோ என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நிலத்தின் விளைச்சல் மதிப்பு 10,000 கோக்கு இருக்க வேண்டும். ஒரு கோக்கு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி, எடையில் 150 கிலோ. ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி என்பது பழைய கணக்கு. இது தலைவரின் வருமானம் அல்ல, நிலத்தின் மதிப்பீடு. அதில் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோதான் வரியாக வரும். மேயேதா குடும்பத்தின் காகா 10 லட்சம் கோக்குவுக்கும் மேல். அடிமட்டத்தில் 10,000, 12,000 என்று தட்டுத்தடுமாறி வரம்பைத் தொட்டவை ஏராளம். வடகோடியில் இருந்த மட்சுமாயே இன்னும் வேடிக்கை. அங்கே நெல்லே விளையாது. வடக்கின் பூர்வகுடிகளான ஐனு மக்களோடு நடத்திய வாணிகம்தான் வருமானம். அதையும் இழுத்துப் பிடித்துப் பின்னாளில் 10,000 கோக்குவுக்குச் சமம் என்று எழுதிக்கொண்டார்கள்.

சரி, ‘ஹன்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? சீனத்திலிருந்து. அங்கே இதே எழுத்தை ‘ஃபான்’ என்று வாசிப்பார்கள். நேர்ப்பொருள் வேலி, மறைப்பு. மன்னனைச் சுற்றி இருக்கும் பிரபுக்கள் அவன் வீட்டுக்கு வேலி போன்றவர்கள் என்ற கருத்திலிருந்து, அரச குலத்தைக் காக்கும் பிரபு, அவனுக்குத் தந்த நிலம் என்று பொருள் விரிந்தது. வேலியே பயிரை மேய்ந்ததும் உண்டு: 1673இல் சிங் பேரரசை எதிர்த்துக் கிளம்பி எட்டு ஆண்டுகள் ஆட்டிப்படைத்த ‘மூன்று ஃபான்’களின் கலகத்தில் வருவது இதே எழுத்துதான்.

ஜப்பானில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள் கன்ஃபூசிய அறிஞர்கள். ஷோகனைப் பழைய சீன மன்னராகவும் டைம்யோக்களை அவரைச் சுற்றிய வேலியாகவும் பார்ப்பது அவர்களுக்கு இனித்தது. அராய் ஹகுசெக்கி 1702இல் டைம்யோ குடும்பங்களின் வரலாற்றைத் தொகுத்து முடித்தபோது நூலின் பெயரிலேயே ‘ஹன்’ என்று வைத்தார். ஆனால் அரசு ஆவணங்களில் அது ஏறவில்லை. அங்கே ‘ர்யோ’, ‘ர்யோபுன்’ (ஆளுகை நிலம்) என்றுதான் எழுதினார்கள். சாமுராய் தன்னை இன்ன ‘கச்சூ’வைச் சேர்ந்தவன், அதாவது இன்ன தலைவரின் வீட்டைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டான். சாதாரண மக்களுக்கு அது ‘குனி’, நம்மூர் வழக்கில் ‘நாடு’.

அப்படியானால் ‘ஹன்’ எப்போது அதிகாரப்பூர்வச் சொல் ஆயிற்று? ஷோகன் ஆட்சி கவிழ்ந்த பிறகு! 1868இல் வந்த மெய்ஜி அரசு, ஷோகனிடமிருந்து பறித்த நிலங்களை ‘ஃபூ’ (பெருநகரப் பகுதி), ‘கென்’ (மாநிலம்) என்று பிரித்தது. டைம்யோக்களிடம் மிச்சமிருந்ததை ‘ஹன்’ என்றது. 1869இல் டைம்யோக்கள் நிலத்தையும் குடிகளையும் பேரரசரிடம் ஒப்படைத்துவிட்டு, அதே இடத்துக்கு ‘ஹன்’ ஆளுநர்களாக நியமனம் பெற்றார்கள். 1871 ஆகஸ்ட் 29 அன்று ஹன்களையே ஒழித்து எல்லாவற்றையும் கென் ஆக்கிவிட்டார்கள். சட்டப்படி இந்தச் சொல் உயிரோடு இருந்தது மூன்றே ஆண்டுகள். 1650இல் ஒரு சாமுராயை நிறுத்தி “நீ எந்த ஹன்?” என்று கேட்டிருந்தால் விழித்திருப்பான். இன்று நாம் 265 ஆண்டுகளுக்கும் சேர்த்து அந்தப் பெயரைப் பின்னோக்கி ஒட்டுகிறோம். வரலாற்றாசிரியர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான்.

மேலே சொன்ன 10,000 கோக்கு வரம்பு எப்படி வளைந்துகொடுத்தது என்று பார்க்க கிட்சுரெகவா என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். எடோவுக்கு வடக்கே, இன்றைய டொச்சிகி மாநிலத்தில் சகுரா நகராட்சிக்குள் இருக்கிறது. கணக்குப்படி 5,000 கோக்கு, வரம்பில் பாதி. நியாயப்படி இது ஹன் பட்டியலிலேயே வரக்கூடாது. ஆனால் எடோ அரண்மனையில் இதன் தலைவருக்கு ஒரு லட்சம் கோக்கு டைம்யோவுக்கு உரிய மரியாதை கிடைத்தது. ஓராண்டு எடோவிலும் ஓராண்டு ஊரிலும் இருக்க வேண்டும், மனைவி மக்கள் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும் என்று 1635 முதல் டைம்யோக்களைப் படாதபாடு படுத்திய விதி இவருக்கு இல்லை. ஷோகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளும் இல்லை. ஊரார் அவரை ‘கோஷோ’ என்றார்கள். மிக உயர்ந்த குடிக்கே உரிய அடைமொழி அது.

காரணம் ரத்தம். இவர்கள் அஷிகாகா வழியினர். டொகுகவாக்களுக்கு முன்பு, 1573 வரை ஷோகன்களாக இருந்த குடும்பம். அதன் கிழக்குக் கிளை கொகா என்ற ஊரில் இருந்தது. கடைசித் தலைவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், மிஞ்சியது உஜிஹிமே என்ற மகள் மட்டும். அப்புறம் கதைக்குள் இன்னொரு பெண் வருகிறார். பெயர் ஷிமா, அதே அஷிகாகா வழியின் வேறு கிளை. கிட்சுரெகவாவை ஆண்ட ஷியோனொயாவின் மனைவி. 1590இல், அப்போது ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதேயோஷியின் பெரும்படை கிழக்கே வந்ததும் கணவர் ஓடிவிட்டார். ஷிமா ஹிதேயோஷியின் காமக்கிழத்தியருள் ஒருவராகி, அஷிகாகா பெயர் அழியாமல் இருக்க வழி கேட்டார். அவருடைய தம்பி குனிதொமோவுக்கு உஜிஹிமேயை மணமுடித்து, கிட்சுரெகவாவையும் எழுதிக்கொடுத்தார் ஹிதேயோஷி. குனிதொமோ 1593இல் கொரியப் போருக்குப் போகிற வழியிலேயே இறந்துபோக, அவர் தம்பி யொரிஉஜி உஜிஹிமேயை மணந்து வழியைத் தொடர்ந்தார். உஜிஹிமே கடைசிவரை கொகாவை விட்டு அசையவில்லை. கணவரின் புது ஊர், தன் தகப்பன் ஊருக்கு ஈடில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

யொரிஉஜி தன் குடும்பப்பெயரையே கிட்சுரெகவா என்று மாற்றிக்கொண்டார். 1600இல் வென்ற டொகுகவா இயேயாசு இவர்களை ஒழிக்கவில்லை, நிலத்தைக் கூட்டிக்கொடுத்தார். இரு குடும்பமும் மினமோதோ குலம் என்று சொல்லிக்கொண்டவை. பழைய ஷோகன் குடும்பம் தன் நிழலில் வாழ்வது புது ஷோகனுக்குப் பெருமை, அதுவும் 5,000 கோக்கு செலவில். என் கணிப்பில் டொகுகவா ஆட்சியின் மலிவான விளம்பரம் இதுதான். 1648இல் குடும்பத்துக்குள் நடந்த பூசல் எடோ வரை போனது. வேறு வீடாக இருந்திருந்தால் நிலம் பறிபோயிருக்கும்; இங்கே தலைவர் ஒதுங்க, மகன் அமர்ந்தார்.

மரியாதை லட்சம் கோக்குவுக்கு, கைக்காசு 5,000 கோக்குவுக்கு. கிட்சுரெகவா வடக்கே போகும் ஓஷு பெருவழியில் ஒரு தங்கல் ஊர். எடோவுக்குப் போகும் வடநாட்டு டைம்யோக்களின் ஊர்வலங்கள் இங்கே இறங்கினால் சத்திரக்காரர்களுக்கு வியாபாரம், தலைவருக்கும் வருமானம். 1840களில் ஹிரோஉஜி என்ற தலைவர் ஊருக்குள் வாய்க்கால் வெட்டினார். அது இன்றும் ஓடுகிறது. சாமுராய் வீடுகளுக்குப் பலகைச் சுவர் வைக்கச் செலவாகும் என்பதால் குட்டை மூங்கிலை நட்டு வேலி வளர்க்கச் சொன்ன வழக்கமும் இந்த ஊரில் உண்டு. ஹன் என்ற சொல்லின் நேர்ப்பொருளே வேலி என்பதை நினைத்துக்கொண்டால், இங்கே சாமுராய்களின் வேலியும் சிக்கன வேலி.

1868இல் குடும்பம் மறுபடியும் அஷிகாகா என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1870இலேயே, மற்றவர்களுக்கு ஓராண்டு முன்னதாக, ஆட்சியை விட்டுக்கொடுத்து நிக்கோ மாநிலத்தில் கரைந்தது. ஆக கிட்சுரெகவா அதிகாரப்பூர்வமாக ‘ஹன்’ என்று இருந்தது இரண்டே ஆண்டுகள்தான்.

இனி தமிழ்ச் சொல். கைக்கு எட்டும் இடத்தில் நாலைந்து இருக்கின்றன.

‘குலம்’ ஆகாது. பழைய ஆங்கில நூல்களில் ஹன்னைக் ‘கிளான்’ என்று எழுதும் வழக்கம் இருந்தது. அதைப் பார்த்து ‘சட்சுமா குலம்’ என்று போட்டால் பிழை. ஒரு ஹன்னில் இருந்த சாமுராய்கள் பல குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பிணைத்தது சேவகம், பிறப்பு உறவு அல்ல. ‘ஜமீன்’ இன்னும் தள்ளி நிற்கிறது. ஜமீன்தாருக்கு வரி வசூல் உண்டு, ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியில் படையும் நீதிமன்றமும் அவர் கையில் இல்லை.

‘பாளையம்’ ஆசை காட்டும் சொல். மதுரை விசுவநாத நாயக்கர் காலத்து 72 பாளையங்கள் நினைவுக்கு வரும்: திறை, கேட்டபோது படை, உள்ளூரில் முழு அதிகாரம். டைம்யோவுக்கும் ஏறக்குறைய இதேதான். ஆனால் பாளையக்காரர் மண்ணோடு வேர்விட்டவர். டைம்யோவை ஷோகன் நினைத்தால் இந்த மாநிலத்திலிருந்து அந்த மாநிலத்துக்குப் பெயர்த்து வைக்கலாம். ஜப்பானியர்களே இப்படிப்பட்டவர்களைத் ‘தொட்டிச்செடி டைம்யோ’ என்று கேலி செய்தார்கள். மேலும் ‘பாளையம்’ என்றதும் நம் காதில் கட்டபொம்மன் வந்துவிடுவார். அவரை எடோவுக்குக் கூட்டிப்போக முடியாது.

‘சமஸ்தானம்’ அரசியல் அமைப்பில் நெருக்கம்: மேலே ஒரு பேரதிகாரம், உள்ளே பரம்பரை ஆட்சி, புதுக்கோட்டை போல. ஆனால் அந்தச் சொல்லில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் (அரசவையில் அமர்ந்த பிரிட்டிஷ் பிரதிநிதி) வாசம் அடிக்கிறது.

‘வேலி’ என்றே மொழிபெயர்க்கலாமா என்று ஒரு சபலம் வரும். நம்மிடமும் வேலிக்கு இரட்டைப் பொருள்: காப்பு, தஞ்சைப் பக்கத்து நில அளவை, 20 மா சேர்ந்தது ஒரு வேலி. தற்செயல்தான் என்றாலும் அழகான தற்செயல். ஆனால் ‘கிட்சுரெகவா வேலி’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

என் தேர்வு ‘சிற்றரசு’. சோழர்களுக்குக் கீழே பழுவேட்டரையர்களும் வாணர்களும் இருந்த நிலையைத் தமிழ் வாசகர் ஏற்கனவே அறிவார். பேரரசுக்கு அடங்கி, தன் எல்லைக்குள் ஆளும் அமைப்பு என்பது சொல்லிலேயே இருக்கிறது. காகா போன்ற பெரியதும் ஷோகனோடு ஒப்பிட்டால் சிற்றரசுதான். கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன. ‘ஹன்ஷு’ சிற்றரசர், சாமுராய்ப் பிள்ளைகள் படித்த ‘ஹன்கோ’ சிற்றரசுப் பள்ளி, ‘ஹன்சட்சு’ சிற்றரசுத் தாள்பணம். சகமொத்தோ ர்யோமா என்ற சாமுராய் 1862இல் தோசாவை விட்டு அனுமதியில்லாமல் வெளியேறினாரே, அந்த ‘தப்பன்’ என்பதற்கு நாடு நீங்கல் என்று சொல்லலாம். குற்றம் என்ற தொனி வேண்டுமானால் ‘சிற்றரசைத் துறந்தோடல்’.

ஒரே ஒரு விலக்கு வைத்துக்கொள்கிறேன். 1868க்குப் பின் வரும் ‘ஹன்’னை ஹன் என்றே எழுதுவது நல்லது. அப்போது அது நிர்வாகப் பிரிவின் பெயர். 1869க்குப் பின் அதன் தலைவர் நியமனம் பெற்ற ஆளுநர். எல்லா ஹன்களையும் ஒழித்த மறு ஆண்டு, 1872இல், மெய்ஜி அரசு புதிதாக ஒரு ஹன்னை உருவாக்கியது: ர்யூக்யூ. அது வரை ர்யூக்யூவுக்குத் தனி மன்னர் உண்டு. 1609 முதல் சட்சுமாவின் பிடியில் இருந்தாலும் சீனத்துக்கும் திறை அனுப்பிய ராஜ்ஜியம். அந்த மன்னர் ஷோ தாயை ஒரே ஆணையில் ‘ஹன் மன்னர்’ ஆக்கினார்கள். 1879இல் அதையும் கலைத்து ஒகினவா மாநிலம் என்றார்கள். அந்த ஏழு ஆண்டுகளைத் தமிழில் ‘ர்யூக்யூ சிற்றரசு’ என்று எழுதினால், அந்தத் தீவுகள் முன்பிருந்தே ஜப்பானுக்கு அடங்கிய நாடுதான் என்ற மெய்ஜி அரசின் வாதத்துக்கு நாமே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அங்கே ‘ர்யூக்யூ ஹன்’ என்றே இருக்கட்டும்.