வியட்நாமின் மரச்சில்லு: டன் கணக்குக்குள் எவ்வளவு தண்ணீர்?

2022இல் வியட்நாம் சுமார் 1.58 கோடி டன் மரச்சில்லை, அதாவது காகிதக்கூழ் செய்யச் சிறு துண்டுகளாக வெட்டிய மரத்தை, ஏற்றுமதி செய்தது. முந்தைய ஆண்டைவிட அளவு ஏறக்குறைய 16 சதவீதம் அதிகம். ஆனால் வந்த பணமோ 60 சதவீதம் எகிறி, 280 கோடி டாலரை எட்டியது. மறுவருடமே அது ஏறத்தாழ 220 கோடிக்கு இறங்கிவிட்டது. ஏற்றுமதி வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கோடு டன்னில் வரையப்பட்டிருக்கிறதா, டாலரிலா?

டன் என்றாலும் சிக்கல் தீராது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். காகிதக்கூழ் ஆலைக்குத் தேவை நார்; தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதனால் இந்த வியாபாரத்தில் விலை பேசுவது தண்ணீரை முழுக்கக் கழித்த உலர் எடைக்குத்தான். கப்பலில் சில்லு ஏறும்போது, கன்வேயர் பெல்ட்டிலிருந்து விட்டுவிட்டு மாதிரி எடுப்பார்கள். அதை எடை போட்டு, 105 டிகிரி ஓவனில் வைத்து, இனி எடை குறையாது என்கிற வரை காயவிட்டு, மறுபடி எடை போடுவார்கள். 40,000 டன் ஈரச்சில்லு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரம் 50 சதவீதம் என்றால் உலர் எடை 20,000 டன். ஈரம் 45 சதவீதம் என்றால் 22,000 டன். கைப்பிடி அளவு சில்லு ஓவனில் எவ்வளவு இளைத்தது என்பதை வைத்து ஒரு கப்பல் சரக்கின் விலை பத்தில் ஒரு பங்கு மாறிவிடும். மாதிரி எடுக்கும் வேலையை நான் இந்தத் தொழிலின் இதயம் என்றே நினைக்கிறேன்.

சரி, சில்லு எப்படி இருக்கும்? நல்ல சில்லு ஒன்றைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நீளம் 2 செ.மீ. போல, தடிமன் 3 முதல் 5 மி.மீ. தடிமன்தான் முக்கியம். ஆலையில் இதை ரசாயனக் கரைசலில் 160 டிகிரிக்கு மேல் வேகவைக்கிறார்கள். தடித்த சில்லில் கரைசல் நடுவரை போய்ச் சேராது, உள்ளே வேகாத கட்டை தங்கிவிடும். தூளாக இருந்தால் குழைந்து நாரே வீணாகும். அதனால்தான் பட்டையை உரித்து, சுழலும் கத்திகளில் வெட்டி, சலித்த பிறகே துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள்.

சலித்துக் கழிந்த தூளும் அறுவை மில்லின் மிச்சமும் கழிவுக் கணக்கில் வரும். பன்னாட்டுச் சுங்கக் குறியீட்டில், மரத்தூளை அழுத்திச் செய்யும் எரிபொருள் பெல்லட்டும் 2012 வரை அதே தலைப்பில்தான் இருந்தது. அந்த வருடம்தான் அதற்குத் தனி எண் கிடைத்தது. கழிவு ஏற்றுமதிக் கோடு 2012இல் திடீரென்று சரிந்திருந்தால், வியாபாரம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இப்போது வியட்நாமின் ஏற்றத்துக்கு வருவோம். நெடுங்காலம் இந்தச் சந்தையில் முன்னால் நின்றது ஆஸ்திரேலியா. 2010களின் தொடக்கத்தில் வியட்நாம் அதை முந்தியது. காரணம் அகேசியா என்ற வேகமாக வளரும் மரம். மலைச்சரிவுகளில் சிறு விவசாயிகள் நட்ட கலப்பின அகேசியா ஐந்தாறு வருடத்திலேயே சில்லுக்கு வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். குய் நோன், யுங் குவாத் போன்ற துறைமுகங்கள் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாங்குகிற சீனாவும் ஜப்பானும் கடல்வழியில் அருகில். தூரம் இங்கே பெரிய விஷயம். ஒரு கன மீட்டர் மரத்தைச் சில்லாக்கினால் இடைவெளிக் காற்றோடு சேர்ந்து இரண்டரை கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். எடை எல்லையை எட்டும் முன்பே கப்பல் நிரம்பிவிடும்; அதனால் தூரம் கூடக்கூட டன்னுக்கு ஆகும் கப்பல் செலவு உறைக்கும்.

2022இல் விலை ஏன் ஏறியது? அந்த மார்ச்சில் ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளுக்குச் சில்லும் மரத்தடியும் விற்பதை ரஷ்யா நிறுத்தியது. சீனக் கூழ் ஆலைகளின் பசியும் குறையவில்லை.

அதற்கு முன்பே வியட்நாம் அரசு வேறொரு கவலையில் இருந்தது. மரத்தைச் சில்லாக்கி அனுப்புவதைவிட, பத்து வருடம் வளரவிட்டு அறுத்தால் மேசை நாற்காலி செய்யலாம், வருமானமும் கூடும். 2016 முதல் சில்லு ஏற்றுமதிக்கு 2 சதவீத வரி போட்டது அதற்காகத்தான். ஆனால் விவசாயியின் பக்கத்திலிருந்து பாருங்கள். மத்திய வியட்நாமில் புயல் அடிக்கடி வரும். ஒல்லியாக உயர்ந்த அகேசியா முறிந்து விழுந்தால் ஏழு வருட உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். வீட்டுச் செலவும் பத்து வருடம் காத்திருக்காது. அதனால் அவர் சீக்கிரமே வெட்டுகிறார். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் தெரியவில்லை. விலை உச்சத்தில் இருக்கும்போது நாலு வயது மரமும் லாரி ஏறிவிடுகிறது. அது இன்னும் இரண்டு வருடம் நின்றிருந்தால் கொடுத்திருக்கும் எடை, பின்னால் வரும் வருடங்களின் கணக்கில் குறையும்.