துவைத்த டவலுக்குள் தங்கிவிடும் எண்ணெய்

ஸ்பா துணிகளைச் சலவை செய்து பராமரிப்பது என் தொழில். புதிதாக ஒரு ஸ்பாவுக்குப் போனால் அழுக்குக் கூடையை நான் முதலில் பார்ப்பதில்லை. அலமாரியில் மடித்து வைத்திருக்கும் டவலில் ஒன்றை எடுத்து, அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவேன். பருத்தி டவல் என்றால் உடனே உறிஞ்ச வேண்டும். சொட்டு உருண்டு மேலேயே நின்றால் உள்ளே எண்ணெய்யோ, துணியை மிருதுவாக்கப் போடும் சாஃப்ட்னரின் படலமோ தங்கியிருக்கிறது. அடுத்து, அதன் மூலையில் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தி முகர்ந்து பார்ப்பேன். ஆறிய துணியில் தெரியாத சிக்கு வாடை சூடு பட்டதும் கிளம்பிவிடும். மசாஜ் டேபிளில் குப்புறப் படுப்பவரின் மூக்குக்கடியில் இருப்பது இந்தத் துணிதான். உடம்புச் சூடு ஏறியதும் அவருக்கும் அது தெரியத்தான் செய்யும்.

சில இடங்களில் இந்த வாடையை வாசனைத் திரவம் தெளித்து மறைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காறிப்போவதால் வருவதுதான் சிக்கு வாடை. அப்படிச் சேரும்போது வெப்பமும் உண்டாகிறது. ஒற்றை டவலை விரித்துப் போட்டால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு இருபது முப்பது டவலை அடுக்கிவைத்தால், நடுவில் உண்டாகும் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. பருத்தியின் அடர்ந்த இழைகள் எண்ணெய்யை மெல்லிய படலமாகப் பரப்பி, அதன் பெரும்பகுதியைக் காற்றில் படும்படி வைக்கின்றன. அடுக்கின் சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்சிஜனோடு சேரும். அதனால் சூடு இன்னும் ஏறும். கடைசியில் தீப்பொறி எதுவும் இல்லாமலே துணி கனிந்து பற்றிக்கொள்ளும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். அதனால்தான் எல்லோரும் பூட்டிவிட்டுப் போன பிறகு, நள்ளிரவில், ஆளில்லாத சலவை அறையில் இது நடக்கிறது. மசாஜ் நிலையங்களின் துணிகளால் பற்றும் தீ, தீயணைப்புத் துறையினர் நன்றாக அறிந்த ஒன்று.

எல்லா எண்ணெய்யும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. ஒரு எண்ணெய் எவ்வளவு எளிதில் ஆக்சிஜனோடு சேரும் என்பதை அதன் அயோடின் எண் ஓரளவு காட்டும்; எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். திராட்சை விதை, சூரியகாந்தி எண்ணெய்கள் 130ஐ ஒட்டி வரும். நல்லெண்ணெய் 110, பாதாம் எண்ணெய் 100, ஆலிவ் 80 என்று சுமாராகச் சொல்லலாம். தேங்காய் எண்ணெய் 10ஐச் சுற்றித்தான். தோலுக்கு இதமானது, வழவழப்பாகப் பரவுவது என்று தெரபிஸ்ட்கள் விரும்பும் திராட்சை விதை எண்ணெய் இந்த வரிசையில் மேலே இருக்கிறது. எண்ணெய் வாங்குபவரும் சலவை பார்ப்பவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இடங்கள் ஏராளம். அந்தப் பேச்சு கட்டாயம் வேண்டும் என்பேன். தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு சிக்கல் உண்டு. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் இழைக்குள் கட்டியாகவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் உலர்த்தும் கட்டத்தில் சில விதிகளை மாற்றமுடியாதவையாக வையுங்கள். டிரையரின் கடைசியில் வரும் குளிர்விக்கும் சுற்றை நேரம் மிச்சம் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். துணி கைக்குக் குளிர்ச்சியாக இருந்தால்தான் மடிக்கலாம், அடுக்கலாம். இஸ்திரி போட்ட துணிக்கும் இதுதான். நடுவில் மின்சாரம் போனால் டிரம்முக்குள் சூடான துணியை விட்டுவைக்காமல் வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். அன்றைய கடைசித் துணியை டிரையரில் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது கூடவே கூடாது. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் ஊறிய பஞ்சு எளிதில் பற்றும். ஓடும் டிரையரில் கருகல் வாடையோ புகையோ வந்தால் கதவைத் திறக்காதீர்கள், உள்ளே காற்று போனால் தீ எழும்பும். மின் இணைப்பைத் துண்டித்து, எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை, எண்ணெய்யைச் சலவையிலேயே வெளியேற்றிவிடுவதுதான். பயன்படுத்திய அன்றே துவையுங்கள். இரண்டு நாள் கூடையில் கிடந்த எண்ணெய் பிசினாகி இழையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. பருத்திக்குத் தண்ணீர் 60 டிகிரி இருக்கட்டும். எண்ணெய் இளகிப் பிரிய அந்தச் சூடு வேண்டும். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை 30 டிகிரி சலவையில் பிழைத்துக்கொள்ளும் என்பதும் இன்னொரு காரணம். சோப்புத்தூளோடு சலவைச் சோடாவும் சேருங்கள். காறிய எண்ணெய்யில் இருக்கும் கொழுப்பு அமிலத்தை அது சோப்பாக மாற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடும். உப்புத் தண்ணீர் என்றால் சோப்பு வீணாகி, துணியில் சாம்பல் நிறப் படிவு உட்காரும். அங்கே சோடாவின் அளவைக் கூட்டவேண்டும், அல்லது தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைக்கவேண்டும். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்காதீர்கள். துணி புரண்டு விழ இடம் இல்லாவிட்டால் எண்ணெய் ஒரு டவலிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமே தவிர வெளியே போகாது. கடைசியில் கூடுதலாக ஒருமுறை அலசுங்கள். தங்கும் காரம் தோலை அரிக்கும்.

ஃபேப்ரிக் சாஃப்ட்னரை டவலுக்குப் போடவே வேண்டாம். அது இழையின் மேல் கொழுப்புப் படலம் போடுகிறது. தொட்டால் மிருதுவாக இருக்கும், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது.

குளோரின் பிளீச்சையும் பலர் சர்வரோக நிவாரணியாக நம்புகிறார்கள். அது நிறத்தை வெளுக்கும், எண்ணெய்யை எடுக்காது. தொடர்ந்து போட்டால் பருத்தி நைந்துபோகும். சில வகை சன்ஸ்கிரீன் தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து ஆரஞ்சுக் கறையாகும், அதன்மேல் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் மோசமாகும். கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் பட்ட துணியில் பிளீச் போட்டால் பழுப்புக் கறை நிரந்தரமாகிவிடும். பிளீச்சையும் வினிகரையும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சலவை அறையில் அது உயிருக்கே ஆபத்து. வெண்மை வேண்டுமென்றால் ஆக்சிஜன் பிளீச் தூளைச் சூடான தண்ணீரில் போடுங்கள், போதும்.

மற்றவை எளிது. வேக்ஸ் ஒட்டிய துணியை ஃப்ரீசரில் வைத்து, இறுகியதும் சுரண்டியெடுத்துவிட்டுத் துவையுங்கள். களிமண் பூச்சு காய்ந்ததும் உதறுங்கள், ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் உள்ளே இறங்கும். மைக்ரோஃபைபர் துணியைப் பருத்தியோடு சேர்க்காதீர்கள், அது பஞ்சையும் எண்ணெய்யையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அழுக்குத் துணி போன வண்டியில் சுத்தமான துணி வரக்கூடாது.

எத்தனை செட் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு மூன்று என்பேன்: ஒன்று டேபிளில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இருப்பு குறைவாக இருக்கும் இடத்தில்தான் அரைகுறையாகக் காய்ந்ததும், சூட்டோடு மடித்ததும் டேபிளுக்குப் போகின்றன.

இத்தனை செய்தும் தண்ணீர்ச் சொட்டு நிற்கிறது, இஸ்திரிச் சூட்டில் வாடை வருகிறது என்றால் அந்த டவலைக் கழித்துவிடுங்கள். தரை துடைக்கலாம் என்று மூலையில் குவித்து வைக்காதீர்கள், அந்தக் குவியலும் அதே எண்ணெய்தான். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு, கட்டிடத்துக்கு வெளியே வைத்து, அடுத்த குப்பை வண்டியிலேயே அனுப்பிவிடுங்கள்.