வானொலி கேட்க ‘அலோ’ எதற்கு?

வீட்டுக்கு வீடு போய்க் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது என் தொழில். “வைரஸ் வந்துடுச்சு, தம்பி” என்று நம் பெரியவர்கள் கூப்பிடும்போது நான் முதலில் கேட்பது, “இணையத்தில் ரேடியோ கேட்பீங்களா, அங்கிள்?” என்பதைத்தான். பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும். ஒலி 96.8-க்குச் சிங்கப்பூரில் சாதாரண ரேடியோ பெட்டியே போதும். சென்னை, கொழும்பு நிலையங்கள் வேண்டுமென்றால் கூகலில் தேடித்தான் ஆக வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தேடினால் நிலையத்தின் சொந்தப் பக்கம் மட்டும் வராது. பல நிலையங்களைத் திரட்டிப் போட்டு விளம்பரத்தில் பிழைக்கும் தளங்களும் வரும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிலவற்றில் பச்சையாக, பெரிதாக ‘பிளே’ என்று இருப்பது விளம்பரம். நிஜப் பொத்தான் கீழே சின்னதாக இருக்கும். பெரியதை அழுத்தினால், “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட ‘அலோ’வை (Allow) அழுத்தவும்” என்று கேட்கும். அழுத்திவிட்டால், நினைத்தபோதெல்லாம் உங்கள் திரைக்கு அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் திரையின் மூலையில் “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்” என்று ஓயாமல் வரும்.

அநேகமாக அது வைரஸே இல்லை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்குங்கள், நின்றுவிடும். இதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதே இல்லை. (என் பிழைப்பை நானே கெடுத்துக்கொள்கிறேன், சரி.)

“ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்” என்று எங்காவது கேட்டால் அது பொய். அடோபி நிறுவனம் 2020 டிசம்பரோடு ஃபிளாஷை மூடிவிட்டது. இணைய வேகத்தைக் கூட்டும் ‘பூஸ்டர்’ என்பதும் அப்படித்தான். வினாடிக்கு 128 கிலோபிட் ஒலிபரப்பு ஒரு மணி நேரத்துக்கு வெறும் 58 எம்பி அளவுதான். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஃபைபர் இணைப்புக்கு அது ஒரு சுமையே இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது வேறு. திடீரென்று திரை முழுவதையும் மறைத்து, அலாரம் அடித்து, “மைக்ரோசாஃப்ட்டைக் கூப்பிடுங்கள்” என்று ஒரு தொலைபேசி எண் வரும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணே இருக்காது. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள். மசியவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா என்று ‘ரீஸ்டோர்’ கேட்கும், கொடுக்காதீர்கள்.

அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பேசி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி மென்பொருள் எதையாவது போட்டு, கம்ப்யூட்டரை அவர்கள் கையில் கொடுத்திருந்தால், முதலில் இணைய கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கைப்பேசியிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு போலீஸில் புகார். மோசடியா இல்லையா என்றே சந்தேகம் என்றால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் 1799 என்ற எண் இருக்கிறது, 24 மணி நேரமும் பேசலாம். பிள்ளைகள் திட்டுவார்களே என்று மறைத்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் போவது அந்தத் தாமதத்தில்தான்.

நல்ல நிலையமாகவே இருந்தும் சில நேரம் பாடாது. சின்ன நிலையங்கள் பல இன்னும் பாதுகாப்பில்லாத பழைய ‘எச்டிடிபி’ (http) முகவரியில் ஒலிபரப்புகின்றன, இன்றைய பிரவுசர்கள் அவற்றைத் தடுத்துவிடலாம். அதற்கு விஎல்சி என்ற இலவச மென்பொருள் போதும். மீடியா மெனுவில் ‘ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ போய் நிலையத்தின் ஒலிபரப்பு முகவரியை ஒட்டினால் பாடும். விஎல்சியை வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகலில் ‘ஸ்பான்சர்டு’ (விளம்பரம்) என்ற குறியோடு மேலே வரும் விஎல்சியைத் தொடாதீர்கள்.