“அவளுக்கு எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததுமே வயிற்றுவலி. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். விடுமுறை நாட்களில் வலி எட்டிப் பார்ப்பதே இல்லை. “பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறாளோன்னு தோணுது மேடம்” என்றார் அம்மா.

நடிப்பு இல்லை. மனதில் பயம் தேங்கினால் குழந்தைகளுக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். எதற்குப் பயப்படுகிறாள் என்பதுதான் தெரியவில்லை. முதல் இரண்டு சந்திப்புகளிலும் “ஒண்ணுமில்ல”, “தெரியல” என்பதைத் தாண்டி அவள் பேசவில்லை. மூன்றாவது முறை ஒரு தாளைக் கொடுத்து, வகுப்பில் யார் எங்கே உட்காருவார்கள் என்று வரையச் சொன்னேன். பெஞ்சுகளை வரிசையாக வரைந்தாள், பெயர்களை எழுதினாள். மூன்றாவது பெஞ்சில் மட்டும் ஒரு சின்னச் சதுரம் போட்டு, அதைப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினாள்.

“இது என்னம்மா?”

“அவ பை.”

இரண்டாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த தோழி. இவள் உட்காரும் இடத்தில் ஒருநாள் பையை வைத்துவிட்டாள். மறுநாளும் வைத்தாள். எடுக்கச் சொல்லிக் கேட்டாயா என்றேன். “அவ ஒண்ணும் சொல்லலையே மேடம். பைதானே வச்சிருக்கா. டீச்சர்கிட்ட போய் என்னன்னு சொல்றது?”

மாணவிகளுக்கு இடையே நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. அடி இல்லை, திட்டு இல்லை, புகார் சொல்ல வார்த்தைகூட இல்லை. அவள் வந்ததும் பேச்சு நின்றுவிடும். போன் குரூப்பிலிருந்து ஒரு பெயர் காணாமல் போகும். ரகசியமாகச் சொன்னது நான்கு பேருக்குத் தெரிந்திருக்கும். சின்ன வகுப்பில் காய் விட்டவர்கள் மறுநாள் பழம் விட்டுவிடுவார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல் காய் விட்டதையே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் பழம் விடவும் வழியில்லாமல் போகிறது.

ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிடவில்லை. 1988-இல் பின்லாந்தில் லாகர்ஸ்பெட்ஸ், பியோர்க்விஸ்ட் ஆகியோரின் குழு 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பெண் பிள்ளைகளின் கோபம் புறம்பேசுவது, ஒதுக்குவது, வேறொருத்தியோடு சேர்ந்துகொண்டு பழிவாங்குவது என்று சுற்றுவழியில் வெளிப்படுவதைப் பதிவு செய்தார்கள். 1995-இல் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவரும் உறவையே ஆயுதமாக்கும் இந்த வன்முறைக்குத் தனிப் பெயர் கொடுத்து, அளந்து பார்க்கவும் வழி சொன்னார்கள். அதுவரை அடிதடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்ததால், பெண் பிள்ளைகள் சாதுவானவர்கள் என்றே பெரும்பாலும் கணக்கு வந்துகொண்டிருந்தது.

இதைப் படித்ததும் “பொம்பளப் பிள்ளைங்கன்னாலே பொறாமைதான்” என்று யாரும் தலையாட்ட வேண்டாம். 2008-இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த வகைச் சண்டையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசம் மிகமிகச் சிறியது என்றுதான் தெரிந்தது. ஆண் பிள்ளைகளும் ஒதுக்குகிறார்கள், புறம்பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் மைதானத்தில் கத்தலாம், “உன்னத் தோற்கடிக்கிறேன் பாருடா” என்று சவால் விடலாம். பெண் பிள்ளை அதையே சொன்னால் திமிர் பிடித்தவள் என்கிறோம். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் அதே அளவு இருக்கிறது. அதை வெளியில் வைக்கத்தான் இடமில்லை.

பையை வைத்த தோழியையும் பிறகு பார்த்தேன், இரண்டு வீட்டாரும் சம்மதித்ததால். கல்நெஞ்சக்காரி ஒருத்தி வருவாள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி சிவந்துபோன ஒரு குழந்தை வந்தாள். வயிற்றுவலியோடு வந்தவள் ஒரு தேர்வில் இவளைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருக்கிறாள். அன்று வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்களாம். “நானும் சிரிச்சேன் மேடம். வாய் வலிச்சுது.” வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “அவளுக்கு எவ்வளவு?” அதற்கு முன்பும் எப்போதும் அதே கேள்விதான். “அவ பக்கத்துல உக்காந்தா அந்தக் கேள்வி ஞாபகம் வருது” என்றாள்.

மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இலேயே எழுதினார். எங்கோ இருக்கும் மேதையைப் பார்த்து எந்தக் குழந்தைக்கும் வயிறு எரிவதில்லை. ஒரே பெஞ்ச், ஒரே வயது, ஒரே டீச்சர் என்று இருக்கும் தோழிதான் அளவுகோல். நாம் ஒப்பிடாவிட்டாலும் அவர்கள் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அதன் மேல் பெரியவர்களும் ஒரு கேள்வியைப் போட்டால், தோழியின் முகம் மதிப்பெண் பட்டியலாகிவிடுகிறது.

போட்டியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். “எனக்கு முதலிடம் வேணும், நீ வாங்கிட்ட, எனக்குக் கோபமா இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்த பெண்ணுக்குப் பையை வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. அப்படி ஒருநாள் உங்கள் மகள் சொன்னால், “தப்பு, பொறாமைப்படக் கூடாது” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். “ஆமா, கஷ்டமாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அது போதும்.

ஒதுக்கப்பட்ட குழந்தையின் வீட்டில் நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாசத்தில் நடப்பது. தினமும் மாலை “இன்னைக்கு அவ என்ன செஞ்சா?” என்று கேட்பது. ஒரே வேதனையைத் திரும்பத் திரும்பக் கிளறிப் பேசும் தோழிகள் நெருக்கமாவார்கள், ஆனால் அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உளவியல் ஆய்வாளர் அமண்டா ரோஸ் 2002-இல் எழுதினார். அம்மாவும் மகளும் பேசும்போதும் இதேபோல் ஆவதை நான் பார்க்கிறேன். முழுதாக ஒருமுறை கேளுங்கள், நம்புங்கள். அப்புறம் அவளுடைய நாளில் வேறு என்ன இருந்தது என்றும் கேளுங்கள்.

பள்ளியில் இன்னொரு தவறு நடக்கும். இருவரையும் கூப்பிட்டு, “கை குடுத்துக்கோங்க, இனிமே ஃபிரெண்ட்ஸ்” என்று முடித்துவிடுவது. சமமான இருவரின் மனத்தாங்கலுக்கு அது உதவலாம். ஆனால் வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, ஒரு கூட்டம் ஒருத்தியைக் குறிவைத்தால் அது சண்டை இல்லை, கொடுமைப்படுத்துதல். பள்ளிக் கொடுமைகளை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வகுத்த வரையறையும் இந்த மூன்றைத்தான் பார்க்கச் சொல்கிறது: நோக்கம், தொடர்ச்சி, பலத்தில் ஏற்றத்தாழ்வு. அந்த நிலையில் கட்டாய சமாதானம் செய்தால் பாதிக்கப்பட்டவளுக்கு மறுநாள் இன்னும் மோசமாகும். இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும், வேடிக்கை பார்க்கும் மற்ற மாணவிகளிடமும் பேச வேண்டும். குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இந்த இருவரும் பழையபடி உயிர்த்தோழிகள் ஆகிவிடவில்லை. வேறுவேறு பெஞ்சில் உட்காருகிறார்கள், நோட்டு கேட்டால் கொடுத்துக்கொள்கிறார்கள். வயிற்றுவலி மெல்ல மெல்லக் குறைந்து, தேர்வு நாட்களில் மட்டும் வருவதாக நின்றிருக்கிறது. பையை வைத்தவளின் அப்பாவிடமும் பேசினேன். அடுத்த மதிப்பெண் பட்டியல் வந்த வாரம் அவள் என்னிடம் வந்து சொன்னாள்: “அப்பா கேக்கல மேடம். ஆனா கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துது. எனக்குத் தெரிஞ்சுது.”