கர்ப்பப்பை வாயில் ஒரு சென்டிமீட்டர்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 28. இரண்டு வருடத்துக்கு முன்பு கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பதாகச் சொல்லி, 'லீப்' என்ற சிகிச்சை செய்தார்களாம். இப்போது குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறார். வீட்டில் ஒரு பெரியவர், "வாயையே கிள்ளி எடுத்துட்டாங்களே, இனிமே எப்படித் தங்கும்?" என்று கேட்டுவிட்டார். "இதெல்லாம் மூடநம்பிக்கைதானே?" என்பது வாசகியின் கேள்வி.

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. கரு தங்காது என்பது தப்பு. ஆனால் குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது, அன்று வெட்டியெடுத்த துண்டு எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதைப் பொறுத்தது.

தெரிந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.பி.வி. வைரஸ், கர்ப்பப்பை வாயின் வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கும் விளிம்பில்தான் பெரும்பாலும் குடியேறும். சிலரிடம் அது அங்கேயே தங்கிவிட, செல்கள் உருமாறுகின்றன. இதை 1, 2, 3 என்று படியாகப் பிரிப்பார்கள். முதல் படி பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். இரண்டாவதுகூட, சும்மா கண்காணித்தால் இரண்டு வருடத்தில் பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 100க்கு 60 பேருக்கு. மூன்றாவது படியில் விளையாடக் கூடாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மருத்துவர், இது புற்றுநோயாக மாறாது என்று நம்பி, 1960களிலும் 70களிலும் பல பெண்களுக்குச் சரியான சிகிச்சையே தராமல் வைத்திருந்தார். அவர்களிடம் சம்மதமும் கேட்கவில்லை. 1987இல் விஷயம் வெடித்து அரசு விசாரணை நடந்தது. பிற்பாடு கணக்கெடுத்தபோது, அரைகுறையாக விடப்பட்டவர்களில் 100க்கு 31 பேருக்கு 30 வருடத்துக்குள் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது 1 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே உங்களுடையது மூன்றாவது படியாக இருந்து, செய்தது தேவையில்லாத வேலை என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

லீப் என்பது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையம். மரத்துப்போக ஊசி போட்டு, நுங்கை விரலால் நோண்டுவது மாதிரி, மாறிய பகுதியை ஒரே வீச்சில் எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை.

சரி, அந்தச் சின்னத் துண்டு போனால் பிரசவத்துக்கு என்ன? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

கர்ப்பப்பையைத் தலைகீழாகப் பிடித்த குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்தின் கழுத்துதான் கர்ப்பப்பை வாய். நீளம் 3, 4 சென்டிமீட்டர். உள்ளே குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எல்லாமாகச் சேர்ந்து பல கிலோ எடை அழுத்த, இந்தக் கழுத்து மாதக்கணக்கில் மூடியே இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் தசைதான் மூடி வைத்திருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அங்கே தசை குறைவு. பெரும்பகுதி கொலாஜன் நார். முறுக்கிய கயிறு போன்ற புரதம். நாள் நெருங்கும்போது அந்த முறுக்கு தளர்ந்து, கல் மாதிரி இருந்தது மெத்தென்று ஆகிறது.

ஆனால் குடத்தைத் தலைகீழாகப் பிடித்தால் கவலை உள்ளே இருப்பது கொட்டுவது மட்டுமில்லை. கீழே இருக்கும் பாக்டீரியாக்கள் மேலே ஏறக் கூடாது. அதைத் தடுப்பது, சொன்னால் முகம் சுளிப்பீர்கள், சளி.

கழுத்தின் உள்சுவர் வழவழப்பாக இருக்காது. மடிப்பு மடிப்பாக, பொந்து பொந்தாக இருக்கும். அந்தப் பொந்துகளில் உள்ள செல்கள் மியூசின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஒவ்வொரு மியூசின் இழையும் பாட்டில் கழுவும் பிரஷ் போல. நடுவே புரதத் தண்டு, சுற்றிலும் சர்க்கரை மூலக்கூறுகள். சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. பலூடாவில் சப்ஜா விதை எப்படித் தண்ணீரை இழுத்து வழுவழுவென்று ஊதுகிறதோ, கிட்டத்தட்ட அதே வித்தை. கருமுட்டை வெளிவரும் நாட்களில் இந்தச் சளி நீர்த்துப்போய் விந்தணுவுக்கு வழிவிடுகிறது. கரு உண்டானதும் ஹார்மோன் மாற, அதே பொருள் கெட்டியான பசையாகி, கழுத்தை மேலிருந்து கீழ்வரை அடைத்துவிடுகிறது. நிறைமாதத்தில் இந்த அடைப்பின் எடை சுமார் 10 கிராம்.

வெறும் அடைப்பு மட்டும் என்றால் இத்தனை ரசித்திருக்க மாட்டேன். அதற்குள் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம், இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து அவற்றைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின், வெள்ளணுக்கள் எல்லாம் ஊறிக் கிடக்கின்றன. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டும்போது துணியில் மஞ்சளும் தடவிவைத்தது போல. நம் ஊரில் வெள்ளைப்பட்டாலே 'எலும்பு உருகி வெளியே வருகிறது' என்று பயமுறுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எலும்பு அந்த வழியாக வராது. உடம்பு சிரத்தையாகத் தயாரிக்கிற ஒரு பொருளை நோயாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

அடைப்பு பலவீனமானால் பாக்டீரியா மேலேறிப் பனிக்குடச் சவ்வைத் தொடுகிறது. உடனே எதிர்ப்பாற்றல் அபாயச் சங்கு ஊதுகிறது. புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து கர்ப்பப்பை சுருங்கத் தொடங்குகிறது. கொலாஜனை அரிக்கும் நொதிகள் வந்து சவ்வையும் கழுத்தையும் ஒருசேரத் தளர்த்துகின்றன. நேரம் காலம் பார்க்காமல் பனிக்குடம் உடைகிறது.

இப்போது கம்பி வளையத்துக்குத் திரும்புவோம். அது எடுத்துச் செல்வது இரண்டு: கழுத்தின் நீளத்தில் கொஞ்சம், சளி சுரக்கும் பொந்துகளில் கொஞ்சம். தோல் மறுபடி வளர்ந்துவிடும். ஆறு மாதத்தில் நீளமும் பெருமளவு திரும்புகிறது. ஆனால் ஆழமாக வெட்டிய இடம் அந்த அளவுக்குத் திரும்புவதில்லை.

வெட்டினதால்தான் இப்படியா, அந்தப் பெண்களுக்கே வேறு காரணம் இருக்குமா? நல்ல சந்தேகம். நார்வேக்காரர்கள் அழகாகச் சோதித்தார்கள். 1967 முதல் 2003 வரையிலான பிரசவங்களை எடுத்து, வெட்டுக்குப் பிறகு பெற்ற 15,108 குழந்தைகளைப் பார்த்தார்கள். 17.2 சதவீதம் குறைமாதம். வெட்டே செய்யாதவர்களிடம் 6.2. சிகிச்சைக்கு முன்பே குழந்தை பெற்றிருந்தவர்களிடம் 6.7 சதவீதம்தான். பெரும் வித்தியாசம் வெட்டுக்கு அப்புறம்தான் வருகிறது. அது கத்தியால் பெரிய கூம்பு வெட்டிய காலத்தையும் சேர்த்த கணக்கு. 2016இல் 71 ஆய்வுகளைத் திரட்டியபோது, குறைமாதம் வெட்டியவர்களிடம் 10.7 சதவீதம், வெட்டாதவர்களிடம் 5.4 என்று வந்தது. ஆழம் 10-12 மி.மீ.க்குள் என்றால் சுமார் ஒன்றரை மடங்கு. 15-17ஐத் தாண்டினால் இரண்டே முக்கால். 20ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இரண்டு முறை வெட்டினாலும் கூடுகிறது.

அப்படியானால் எவ்வளவு வெட்டினால் போதும்? உருமாறிய செல்கள் பொந்துகளுக்குள் இறங்கினாலும் 5 மி.மீ. ஆழத்தைத் தாண்டுவது அபூர்வம். இரண்டு தோலும் சந்திக்கும் அந்த விளிம்பு வெளியே நன்றாகத் தெரிகிற இளம்பெண்களுக்கு 7 முதல் 10 மி.மீ. போதும் என்பது இந்தக் கணக்கில் வந்ததுதான். வயது ஏற ஏற விளிம்பு உள்ளே நகர்வதால் ஆழமும் கூட வேண்டியிருக்கும்.

வெட்டாமல் உறையவைத்து அழிக்கும் வழியும் உண்டு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, தேவையானவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சையும் செய்தார்கள். 2007இல் முடிவு வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைவு. உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு. ஆனால் சிகிச்சைக்குப் பிறகான பிரசவங்களைப் பற்றி நார்வே மாதிரி எண்கள் நம்மிடம் இல்லை. அங்கே பிறப்புப் பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் ஒரே அடையாள எண்ணால் இணைக்க முடிகிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 'பிக்மி' எண் கொடுக்கிறோம். அதைப் பரிசோதனைப் பதிவோடு இணைக்க ராக்கெட் காசு தேவையில்லை. பதிவேடு பராமரிப்பதற்கு யாரும் ரிப்பன் வெட்ட முடியாது என்பதால் நிதி வருவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கழுத்து குட்டையாகிப்போனால் வழி இருக்கிறது. மும்பை மருத்துவர் ஷிரோத்கர், தொடையிலிருந்து எடுத்த தசையுறைப் பட்டையால் கர்ப்பப்பை வாயைச் சுருக்குப்பை போலக் கட்டும் முறையை 1955இல் வெளியிட்டார். வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில்! இன்று பட்டைக்குப் பதில் நூல். ஆனால் லீப் செய்த எல்லோருக்கும் தையல் போடுவதில் பயன் இல்லை. 16 முதல் 24 வாரத்துக்குள் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து நீளத்தை அளப்பார்கள். 25 மி.மீ.க்குக் கீழே போனால் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மாத்திரையா தையலா என்று முடிவு செய்வார்கள்.

ஆகவே வாசகியே, அந்தப் பெரியவரோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். பழைய ஃபைலில் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். துண்டின் அளவு என்று மூன்று எண்கள் இருக்கும். அதில் எது ஆழம் என்று புரியாவிட்டால், முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.