பொதுக் கழிப்பறையில் குழாய் மாற்றுகிறீர்களா? அமெரிக்க விதி இதுதான்

கடையோ உணவகமோ மோட்டலோ, பொதுமக்கள் வந்துபோகும் இடம் என்றால் அதன் கழிப்பறைக்கும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் (1990) பொருந்தும். ஏடிஏ என்று சொல்வது இதைத்தான். அங்கே வாஷ்பேசின் குழாய் கெட்டுப்போனால், பழையது மாதிரியே ஒன்றை வாங்கி மாட்டிவிடக் கூடாது. வாஷர் மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. குழாயையே மாற்றினால், புதியது இந்தச் சட்டத்தின் 2010 தரநிலைகளின்படி இருக்க வேண்டும்.

அந்தத் தரநிலை கேட்பது இவ்வளவுதான்: ஒரே கையால் திறந்து மூட முடிய வேண்டும், இறுகப் பிடிக்கவோ, விரல்களால் கிள்ளிப் பிடிக்கவோ, மணிக்கட்டைத் திருகவோ தேவை வரக் கூடாது, 5 பவுண்டுக்கு மேல் விசையும் கூடாது. திருகித் திறக்கும் உருண்டைப் பிடி இதிலேயே அடிபட்டுப் போகிறது. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவருக்கு அந்தப் பிடி இருப்பதும் தண்ணீரே இல்லாததும் ஒன்றுதான். கடையில் வாங்கும்போது கையை முஷ்டியாக மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள். லீவர் குழாய் பெரும்பாலும் தேறிவிடும். சென்சார் குழாயும் சரி.

அழுத்தினால் சிறிது நேரம் ஓடித் தானே நிற்கும் குழாய் வாங்கினால் கவனம். அது குறைந்தது 10 விநாடி ஓட வேண்டும். ஒரு கை மட்டுமே இயங்குபவர் அழுத்துவதும் கழுவுவதும் அதே கையால்தானே! தண்ணீரை மிச்சப்படுத்த இந்த நேரத்தைக் குறைத்து வைத்தால் அவருக்குச் சோப்பு நுரை போவதற்குள் குழாய் நின்றுவிடும்.

அப்புறம், பிளம்பர் வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்திருக்கும்போதே அங்கே ஓடும் தண்ணீர்க் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் அந்த இடத்துக்குள்தான் போகும். காலில் உணர்வு இல்லாதவருக்குச் சுடுநீர்க் குழாய் பட்டுப் புண்ணானாலும் தெரியாது. அதனால் அந்தக் குழாய்களுக்கு உறை போட்டோ, கால் படாதபடி அமைத்தோ வைக்க வேண்டும் என்பதும் விதி. வாஷ்பேசினின் மேல்விளிம்பு தரையிலிருந்து 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

செலவுக்கு வரிச்சலுகை உண்டு. முந்தைய ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேல் போகாத, அல்லது முழுநேர ஊழியர்கள் 30 பேருக்கு மேல் இல்லாத சிறு நிறுவனங்களுக்கு, 250 டாலருக்கு மேல் 10,250 டாலர் வரையான செலவில் பாதித் தொகை வரியிலிருந்து கழியும். மாற்றுத்திறனாளிகளுக்கான தடையை நீக்கும் இத்தகைய வேலைக்கு, 1990 நவம்பர் 5-க்குப் பின் பயன்பாட்டுக்கு வந்த கட்டடம் என்றால் இந்தச் சலுகை கிடைக்காது. முதல் 250 டாலர் கணக்கில் வராததால், குழாயோடு அதே ஆண்டில் செய்யும் மற்ற அணுகல் வேலைகளையும் சேர்த்து, இந்தச் சலுகைக்கான 8826 வரிப் படிவத்தில் காட்டுங்கள்.