‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்று கூப்பிட்டால்: கைதின்போது உங்களுக்குள்ள உரிமைகள்

கைது பற்றி அரசியல் சாசனம் சொல்வது கொஞ்சம்தான். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 22ஆவது பிரிவின் சாரம் இவ்வளவே. 1950இலிருந்து இது எழுத்தில் இருக்கிறது. இருந்தும், ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் குடும்பங்கள் அலைந்துகொண்டுதான் இருந்தன.

அதை மாற்றத் தொடங்கியது ஒரு கடிதம். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் குறிப்பிட்டு 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு மாநிலங்களிடம் விளக்கம் கேட்டது. எங்கள் மாநிலத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்ற தோரணையில் சில அரசுகள் பதில் சொன்னதை தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதில் போலீசுக்கு 11 கட்டளைகள். அவற்றில் பலவும் பிறகு சட்டமாகி, இப்போது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கின்றன.

கைது செய்யும் போலீஸ்காரரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். உடம்பில் காயம் இருந்தால் அது பதிவாக வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். முழு நேரமும் அவர் பக்கத்தில் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கைதுக் குறிப்பு. வக்கீல்கள் ‘அரெஸ்ட் மெமோ’ என்பார்கள். கைதான தேதியும் நேரமும் அதில் இருக்கும். குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். நள்ளிரவில் பதறிப்போய் ஸ்டேஷனுக்கு ஓடும் அண்ணனிடமோ அப்பாவிடமோ “இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்று நீட்டப்படும் தாள் பெரும்பாலும் இதுதான். படிக்காமல் போடாதீர்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள். சாயங்காலம் 6 மணிக்குக் கூட்டிப்போனவரை மறுநாள் காலை 9 மணிக்குக் கைது செய்ததாக எழுதியிருந்தால், நடுவிலுள்ள 15 மணி நேரம் காகிதத்தில் இல்லை. அடி விழுவதாக இருந்தால் விழுவது அந்த நேரத்தில்தான். எழுதியிருக்கும் நேரம் தவறென்றால், கையெழுத்துக்குக் கீழே “கூட்டிச் சென்றது நேற்று மாலை 6 மணி” என்று எழுதுங்கள். எழுத விடவில்லையா? மாவட்ட எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அன்றைக்கே தந்தியைப் போலச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பின்னால் கோர்ட்டில் காட்ட உதவும்.

டி.கே. பாசு தீர்ப்பின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தப் பாதுகாப்புகள் பெரும்பாலும் கைது என்று எழுதிய பிறகே வேலை செய்கின்றன. கைது என்றே எழுதாமல் ‘விசாரணை’ என்று உட்கார வைத்துவிட்டால்? சுதந்திரமாக எழுந்து போக முடியாத நொடியிலேயே கைது தொடங்கிவிடுகிறது, அதிகாரி எந்த நேரத்தை எழுதினார் என்பது பொருட்டல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990லேயே சொன்னது. சொன்னதோடு சரி. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்தில் நகை காணாமல்போன புகாருக்காக விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியில் இறந்தார். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் பறிகொடுத்த பிறகும் இதுதான் நிலைமை.

சரி, கைதே தேவையில்லாத வழக்குகள்? ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் இயந்திரம்போலக் கைது செய்யக் கூடாது என்றது 2014இன் அர்னேஷ் குமார் வழக்கு. வரதட்சணைக் கொடுமைப் புகாரில் எழுந்த வழக்கு அது. ஆனால் தீர்ப்பு மற்றக் குற்றங்களுக்கும் சேர்த்தே வந்தது. கைது தேவை என்றால் ஏன் தேவை என்று எழுத வேண்டும். இல்லையென்றால் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் என்பது இதுதான். (பழைய வக்கீல்கள் இன்னும் ‘41ஏ நோட்டீஸ்’ என்றுதான் சொல்வார்கள்.) அதன்படி ஆஜராகி ஒத்துழைக்கும்வரை, காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வந்ததென்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயது தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி மாஜிஸ்திரேட் அனுமதி வாங்க வேண்டும். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வற்புறுத்தவே முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் பெரிதாக மாறியது கைதுக்கான காரணம் பற்றிய சட்டம். “உன் மேல கேஸ் இருக்கு” என்று வாயால் சொல்வது போதும் என்றிருந்தார்கள். 2023இல் பங்கஜ் பன்சால் வழக்கில் அமலாக்கத் துறை எழுத்தில் காரணம் தர வேண்டும் என்றாயிற்று. 2024இல் உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கும் அதுவே. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் எல்லாக் குற்றங்களுக்கும் இதை விரித்த உச்ச நீதிமன்றம், காரணம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, கைதானவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. உடனே எழுதித் தர முடியாத சூழலில் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தாள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. வழக்கு அழிந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. காரணத்தைக் கொடுத்துவிட்டு போலீஸ் மறுபடி ரிமாண்ட் கேட்கலாம்.

இவற்றில் எதை மீறினாலும் முதலில் சொல்ல வேண்டிய இடம் மாஜிஸ்திரேட். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது “அடித்தார்களா?” என்று கேட்டால் மட்டுமல்ல, கேட்காவிட்டாலும் கைதானவர் சொல்லலாம். அடி பட்ட இடத்தைக் காட்டி, டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. டி.கே. பாசு கட்டளைகளை மீறிய அதிகாரி மீது துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் போடலாம். அதை அந்தந்த உயர் நீதிமன்றத்திலேயே போடலாம், டெல்லி போக வேண்டியதில்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். இலவச வக்கீலுக்குப் பலரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அந்த வருமான வரம்பு கிடையாது.